பொன்னுக்கு வீங்கி

செல்லூரில் தறி ஓடுகிற தெருக்களில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. விடிந்ததும் விசைத்தறிகள் கடகடவென்று ஆரம்பித்துவிடும். அப்புறம் பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்பதென்றாலும் தொண்டை கிழியக் கத்தித்தான் கேட்க வேண்டும். அப்படி ஒரு தெருவில், கருப்பு என்பவன் வீட்டு மாடி அறையில், இசைவாணி நான்கு வருடமாகக் குடியிருந்தாள். எழுமலைப் பக்கத்துப் பெண். நூற்றியெட்டு ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர் வேலை. காலை எட்டு மணிக்கு வண்டியில் ஏறினால் இரவு எட்டுக்குத்தான் இறங்குவாள்.

ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறவள் ஒரு தெருவில் குடியிருந்தால் அந்தத் தெருவுக்கே அவள்தான் டாக்டர். காய்ச்சலா, இசையைக் கூப்பிடு. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, இசையைக் கேள். "நான் டாக்டர் இல்லக்கா" என்று முதல் வருடம் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் வருடம் அதை நிறுத்திவிட்டாள். நாலு பேர் வந்து கேட்பதும் தான் பதில் சொல்வதும் அவளுக்கும் பிடித்துப்போயிருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். யாருக்குத்தான் பிடிக்காது?

கீழ்வீட்டில் கருப்பு தறி ஓட்டினான். அவன் மனைவி செல்லக்கிளி அதே தறிக்கு நூல் சுற்றினாள். மூத்தவள் முத்துமீனாவுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. சின்னவன் சூரியபிரகாஷுக்கு இரண்டு. செல்லக்கிளி வைக்கிற குழம்பில் ஒரு கிண்ணம் தினமும் மாடிக்கு ஏறும். அதைத் தூக்கிக்கொண்டு வருவது முத்துமீனாவின் வேலை. "சித்தி, இன்னைக்கு யாரு அடிபட்டாக?" என்று கேட்டு, ஒரு கதையாவது வாங்கிக்கொள்ளாமல் கீழே இறங்க மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இசைவாணி சீருடையை மாட்டிக்கொண்டு அவசர அவசரமாகப் படியிறங்கும்போது செல்லக்கிளி மறித்தாள்.

"ஏ இசை, இவளக் கொஞ்சம் பாத்துட்டுப் போ. ராத்திரியெல்லாம் மேலு சுட்டுச்சு. கழுத்து வேற வீங்கிக் கெடக்கு."

முத்துமீனா தாயின் இடுப்பில் சாய்ந்துகொண்டு நின்றாள். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீக்கம். இசைவாணி நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பெரிய காய்ச்சல் ஒன்றும் இல்லை. வீக்கத்தை விரலால் அமுக்கினாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது.

"எச்சி முழுங்குனா வலிக்குதாடி?"

முத்துமீனா தலையை ஆட்டினாள்.

"பொன்னுக்கு வீங்கிக்கா," என்றாள் இசைவாணி. மணி அப்போது ஏழே முக்கால். "எனக்கும் இவ வயசுல வந்துச்சு. நாலஞ்சு நாள்ல தன்னால வடிஞ்சிரும். புளிப்புக் குடுக்காத, காச்சலுக்கு மட்டும் மாத்திர வாங்கிக் குடு."

"நானும் அதேன் நெனச்சேன். தங்கச் சங்கிலி போடணும்ல? அதுக்கு எங்கிட்டு போவேன்?"

செல்லக்கிளியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் கிடந்தது. பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளையின் கழுத்தில் பொன்னைப் போட்டால் வீக்கம் வடியும் என்பது நம் பக்கத்து வழக்கம். இல்லாதவர்கள் இருக்கிறவர்களிடம் கேட்டு வாங்கிப் போடுவார்கள். கேட்டால் யாரும் இல்லையென்று சொல்லவும் மாட்டார்கள். இதையெல்லாம் இசைவாணி நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவளுக்கு வந்தபோது அவள் அம்மா ஒரு சங்கிலியைப் போட்டுவிட்டார், வடிந்தது. போடாவிட்டாலும் வடிந்திருக்கும் என்று பின்னால் பயிற்சியில் படித்தாள். இரண்டும் அவள் தலைக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன. படித்தவர்கள் பாதிப்பேர் அப்படித்தான், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

வேலை நேரத்தில் நகை போடக் கூடாது என்பதால் அவளுடைய இரண்டு பவுன் சங்கிலி மாடியில் சும்மாதான் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து தன் கையாலேயே பிள்ளைக்கு மாட்டிவிட்டாள். முத்துமீனாவுக்கு வலி மறந்துவிட்டது. குனிந்து குனிந்து சங்கிலியைப் பார்த்தாள்.

"எனக்கேவா சித்தி?"

"வீக்கம் வடியுற வரைக்கும் ஒனக்குத்தேன்."

வாயைத் திறக்கச் சொல்லவில்லை. நடந்த தப்பு அது ஒன்றுதான். கழுத்து வீங்கி, விழுங்கினால் வலிக்கிறது என்று ஒரு பிள்ளை எதிரே வந்து நின்றால், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்க வேண்டும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். டார்ச் சட்டைப் பையிலேயே இருந்தது. முன்பின் தெரியாத வீட்டுக்கு வண்டியில் போயிருந்தால் கட்டாயம் பார்த்திருப்பாள். இங்கே பிள்ளையும் தெரிந்த பிள்ளை, வியாதியும் தெரிந்த வியாதி, சங்கிலியும் போட்டாகிவிட்டது. பார்க்கத் தோன்றவில்லை.

திங்கள் இரவு அவள் திரும்பும்போது பிள்ளை தூங்கிவிட்டிருந்தது. செவ்வாய் இரவு செல்லக்கிளி மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிக்கா இருக்கா?"

"அப்படியேதேன் இருக்கா. சோறு எறங்கல. குரலும் கம்மிப்போச்சு."

"வடிய நாளாகும்க்கா," என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். அன்றைக்கு மட்டும் மூன்று விபத்து, ஒரு பிரசவம். உட்காரக்கூட நேரம் கிடைக்கவில்லை. போய்ப் படுத்துவிட்டாள்.

புதன்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு அழைப்பு வந்தது. வண்டி அப்போது ஆரப்பாளையத்தில் நின்றிருந்தது. ஆறு வயதுப் பெண் குழந்தை, மூச்சுத்திணறல், செல்லூர் என்று போனில் சொல்லிக்கொண்டே வந்த கட்டுப்பாட்டு அறையினர் தெருப் பெயரைச் சொன்னதும் அவள் ஆக்சிஜன் உருளையைக் கையருகே இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒங்க தெருதான தங்கச்சி?" என்றார் ஓட்டுநர் இம்மானுவேல். ஐம்பது வயதுக்காரர், பதினைந்து வருடமாக இந்த வண்டியே கதியென்று இருப்பவர்.

"எங்க வீடுண்ணே."

அவர் சைரனைப் போட்டு வண்டியை எடுத்தார். வைகைப் பாலத்தைத் தாண்டியது அவளுக்கு நினைவில்லை. தெருவுக்குள் வண்டி போகாது. முனையில் நிறுத்திவிட்டு, முகக்கவசத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு, சின்ன ஆக்சிஜன் உருளையும் பையுமாக ஓடினாள். கருப்பு தறியை நிறுத்தியிருந்தான். அதைப் பார்த்து அக்கம்பக்கத்துத் தறிகளும் நின்றிருந்தன. பகலில் அந்தத் தெரு அப்படி அடங்கி அவள் பார்த்ததே இல்லை. அந்த அமைதியில், பிள்ளை மூச்சை இழுக்கிற சத்தம் ரம்பம் அறுக்கிற மாதிரி வாசல் வரைக்கும் வந்தது.

வீட்டுக்குள் பத்துப் பேர். முத்துமீனாவின் தாடையும் தோளும் ஒன்றாகிவிட்ட மாதிரி கழுத்து பருத்திருந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. அடுத்த வீட்டுச் சின்னத்தாய் ஒரு கரண்டியில் வெந்நீரை வைத்துக்கொண்டு, "இத எறக்கிட்டா எளகிரும்" என்று பிள்ளையைப் பாயில் சாய்க்கப் பார்த்தாள்.

"படுக்க வைக்காதீக! எதுவும் வாயில ஊத்தாதீக! எல்லாரும் வெளிய போங்க!"

இசைவாணி அந்தத் தெருவில் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. ஆட்கள் விலகினார்கள். பிள்ளையைத் தாயின் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து டார்ச்சை அடித்தாள். தொண்டை முழுக்கச் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. ஒரு விதமான வாடை வந்தது. பயிற்சி வகுப்பில் இதே படத்தைத் திரையில் காட்டியிருந்தார்கள். இப்போதெல்லாம் இதைப் பார்க்க மாட்டீர்கள், இருந்தாலும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். தொண்டை அடைப்பான், டிப்தீரியா. தடுப்பூசி போட்டால் வராது. விட்டுப்போனால் வரும்.

முதலில் சங்கிலியைக் கழற்ற வேண்டும். அது வீங்கிய சதைக்குள் புதைந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை தொளதொளவென்று கிடந்த அதே சங்கிலி. கொக்கி கைக்குச் சிக்குவதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் செய்தது எதிலும் யாராலும் ஒரு குறை சொல்ல முடியாது. தொண்டையைக் கிளறவில்லை. பிள்ளை அழுதால் இருக்கிற வழியும் அடைத்துக்கொள்ளும் என்பதால் முகமூடியைக் கட்டாமல், ஆக்சிஜன் குழாயை முகத்துக்கு முன்னால் காட்டிக்கொண்டே வந்தாள். தாயின் மடியிலேயே தூக்கிவரச் சொல்லி, செல்லக்கிளிக்கும் ஒரு முகக்கவசத்தைக் கட்டி, வண்டியின் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கழுத்தில் துளை போட வேண்டியிருக்கும், தயாராக இருங்கள் என்று சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

"அண்ணே, பள்ளத்துல எறக்காதீக. குலுங்கக் கூடாது."

"சரி தங்கச்சி. ஏந்திக்கிட்டுப் போற மாதிரி போறேன்."

செல்லக்கிளி பிள்ளையின் தலைக்கு மேலாக அவளைப் பார்த்தாள். "இசை, பொழச்சுக்கிருவாளா?"

"அதெல்லாம் இப்பப் பேசாதக்கா. அவளப் பாத்துச் சிரி. நீ பயந்தா அவளும் பயந்துருவா."

செல்லக்கிளி சிரித்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணால் சிரித்தாள். கோரிப்பாளையம் சிக்னல் தாண்டும் வரைக்கும், ஆஸ்பத்திரி வாசல் வரும் வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தாள். இசைவாணிக்கு அதை நிமிர்ந்து பார்க்கிற தைரியம் இல்லை.

உள்ளே ஆட்கள் தயாராக நின்றார்கள். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மருந்தை ஏற்றினார்கள். வண்டியைக் கழுவி மருந்தடித்துவிட்டு இசைவாணி திரும்பி வந்தபோது, பெண் டாக்டர் ஒருவர் வெளியே நின்று செல்லக்கிளியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மூச்சுக்கு வழி பண்ணியாச்சு. ஆனா இந்தக் கிருமி விஷத்தக் கக்கிக்கிட்டே இருக்கும். ரத்தத்துல சுத்துற விஷத்த மருந்து புடிச்சிரும். ஏற்கெனவே போய் இருதயத்துல ஒட்டுனத எடுக்க முடியாது. எத்தனை நாளா வீங்கியிருக்கு?"

"ஞாயித்துக்கெழமையிலருந்து டாக்டர்."

"இன்னைக்குப் புதன். அன்னைக்கே வந்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

"பொன்னுக்கு வீங்கின்னு நெனச்சு..."

"யார் சொன்னது பொன்னுக்கு வீங்கின்னு?"

செல்லக்கிளி ஒரு விநாடி திரும்பினாள். இசைவாணி நான்கடி தள்ளி, சீருடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நானாத்தேன் நெனச்சுக்கிட்டேன் டாக்டர்," என்றாள் செல்லக்கிளி.

டாக்டர் இசைவாணியைப் பார்த்தார். "நீங்கதான் கொண்டு வந்தீங்களா? ரொம்ப நல்லா கொண்டு வந்திருக்கீங்க. படுக்கவச்சுக் கொண்டு வந்திருந்தா வழியிலேயே போயிருக்கும்."

இசைவாணி தலையை ஆட்டினாள். அவளுக்கும் தொண்டையில் சளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், மாத்திரை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வண்டிக்குப் போனாள். பொன்னுக்கு வீங்கி என்றது தான்தான் என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், பிள்ளை தேறி வீட்டுக்கு வரட்டும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானங்களை எல்லாம் எழுதினால் பக்கம் போதாது.

பிள்ளை தேறுகிற மாதிரிதான் இருந்தது. கழுத்து வீக்கம் வடிந்தது. குழாய் வழியாக மூச்சு நன்றாகவே ஓடியது. தெருவே இசைவாணியைக் கொண்டாடியது. "இசை மட்டும் இல்லாட்டி அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்று சின்னத்தாய் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கருப்பு மாடிப்படியில் வழிமறித்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள்.

எட்டாம் நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று முத்துமீனாவைப் பார்த்தாள். குழாய் இருப்பதால் பேச்சு வராது. பிள்ளை கழுத்துக்குக் கீழே விரலால் ஒரு வளைவு போட்டுக் காட்டி, எங்கே என்று கையை விரித்தாள். சங்கிலியைக் கேட்கிறாள். "வீட்டுல இருக்கு, வந்து போட்டுக்க" என்று இசைவாணி சைகை காட்டினாள். முத்துமீனா சிரித்தாள். இசைவாணி சுவரோரம் போய் நின்று அழுது தீர்த்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு இருதயம் நின்றது. தலை வாரிவிடச் சொல்லிச் சைகை காட்டினாளாம். செல்லக்கிளி சீப்பை எடுக்கத் திரும்பியிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் கண் சொருகிவிட்டது. இசைவாணி அப்போது வில்லாபுரத்தில் ஒரு பெரியவருக்கு ஆஸ்துமா என்று போயிருந்தாள். அவருக்கு மூச்சு சீராகி, அவர் மகள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது இம்மானுவேல் வந்து தோளைத் தொட்டார். சொல்லவே வேண்டியிருக்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

தத்தனேரி மயானத்தில் அடக்கம் செய்தார்கள். ஐந்தாம் நாள், நகர நல மையத்திலிருந்து நர்ஸ் திவ்யா தடுப்பூசிப் பெட்டியோடு தெருவுக்கு வந்தார். பத்து வயதுக்குள் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போட வேண்டும். ஒரு கதவும் திறக்கவில்லை.

"கழுத்துல ஓட்டையப் போட்டு, ஊசியாக் குத்தித்தேன் அந்தப் புள்ளையக் கொன்னாக. இன்னும் எத்தன புள்ள வேணுமாம்?" என்று சின்னத்தாய் தன் பேரனை உள்ளே தள்ளித் தாழ் போட்டாள். செல்லக்கிளியும் சின்னவனை மடியில் இறுக்கிக்கொண்டு, "எம்புள்ளைக்கு ஒண்ணும் வேணாம், போங்கம்மா" என்றாள். தலைமுடியை முடியாமல் நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

இசைவாணி இதை மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போய் ஐந்து நாளாகியிருந்தது. இறங்கி வந்து தெருவில் நின்றாள். தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அவள் சொன்னது முதலில் யார் காதிலும் விழவில்லை. அந்தத் தெருவில் எதையும் கத்தித்தான் சொல்லியாக வேண்டும். அவள் தன் தப்பையும் கத்தித்தான் சொன்னாள்.

"ஊசியால சாகல! ஊசி போடாததாலதேன் அந்த வியாதி வந்துச்சு! கொரோனா காலத்துல அவளுக்குப் போட வேண்டிய ஊசி விட்டுப்போச்சு. அப்புறம் யாரும் போடல. வந்த வியாதியப் பொன்னுக்கு வீங்கின்னு சொன்னது நான்தேன். செல்லக்கிளி அக்கா இல்ல, நான்தேன்!"

பக்கத்தில் ஒரு தறி நின்றது. இன்னொன்றும் நின்றது. கதவுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன.

"ஞாயித்துக்கெழம எங்கிட்ட காட்டுனாக. டார்ச்சு எம்பையில இருந்துச்சு. வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. சங்கிலியப் போட்டு மூணு நாளு வீட்டுல ஒக்கார வச்சேன். ஆஸ்பத்திரிக்காரங்க கொல்லல."

"அடிப்பாவி," என்றாள் சின்னத்தாய். கருப்பு தறிக்கூடத்து வாசலில் நின்று இசைவாணியையே பார்த்தான். அப்புறம் உள்ளே போய்விட்டான். அவன் வந்து அடித்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

செல்லக்கிளி எழுந்து வந்தாள். அதுவரை செல்லக்கிளிக்குத் தெரிந்ததெல்லாம் இசைவாணி வீக்கத்துக்குப் பேர் சொன்னது மட்டும்தான். எல்லாரும் சொல்வதைத்தான் இசைவாணியும் சொன்னாள் என்று நினைத்துத்தான் டாக்டரிடம் காட்டிக்கொடுக்காமல் இருந்தாள். வாயைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரியும். இடுப்பில் இருந்த சின்னவனை இசைவாணியிடம் நீட்டினாள்.

"இவனப் பாரு."

இசைவாணி பிள்ளையை வாங்கிப் படியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஆ காட்டு சாமி" என்றாள். சூரியபிரகாஷ் விளையாட்டென்று நினைத்து வாயை அகலமாகத் திறந்தான். டார்ச்சை அடித்தாள். இளஞ்சிவப்பாக, சுத்தமான தொண்டை. டார்ச்சை அணைத்தாள்.

"நல்லா இருக்குக்கா. ஒண்ணும் இல்ல."

செல்லக்கிளி அணைந்த டார்ச்சைப் பார்த்தாள்.

"இம்புட்டு நேரந்தேன் ஆகுமா இசை?"

"ஆமாக்கா," என்றாள் இசைவாணி. "இம்புட்டு நேரந்தேன்."